பாலைக்கும் பனிக்கும் வீட்டு வாகனத்தை ஆயத்தம் செய்தல்

பழந்தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாக வகுத்தனர். இவற்றுள் பாலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது தனக்கென நிலையான ஓரிடத்தைக் கொண்டதன்று. மழை பொய்த்து வெயில் முதிர்ந்த காலத்தில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதே நம் முன்னோர் கருத்து. ஆடு மேய்ந்த காடு வழிப்போக்கரை வருத்தும் வெளியாகிவிடும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் தன்மை மட்டும் மாறிவிடும்.

மொன்றியல் மாநகரில் வாழும் நமக்கு இதனை விளக்க உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை. மாலையில் வாகனங்கள் விரைந்த ஜோன்-தலோன் வீதி காலையில் வெண்மணல் பரந்த வெளிபோல் கிடப்பதை ஒவ்வோர் ஆண்டும் காண்கின்றோம். 2012ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் ஒரே நாளில் இந்நகரில் 45 சென்ரிமீற்றர் பனி பொழிந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனின் வீதியோரங்களில் நிறுத்தப்பட்ட வாகனங்கள் அப்படிப்பட்ட நாள்களில் சிறு சிறு மேடுகளாகவே தோன்றும்.

நம் குடும்பங்கள் பலவற்றில் இப்போது எஸ்.யூ.வி. எனப்படும் உயர்ந்த உடலமைப்புடைய வாகனம் இருக்கின்றது. பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் செல்லும் அவ்வாகனத்தைக்கொண்டே கோடையில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கும், கியூபெக்கின் வடபகுதிக்கும் பயணம் செய்வோர் உளர். வளைகுடா நாடுகளில் வாழும் உறவினரிடம் சென்று, அவர்களோடு பாலைவனத்துள் ஒரு நாள் உலாவி வருவோரும் உளர். அன்றாட வாகனத்தை இத்தகைய அரிதான பயணங்களுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மணலுக்கும் பனிக்கும் பொதுவான உண்மைகளை முதலிலும், வேறுபாடுகளைப் பின்னரும் காண்போம்.

நான்கு சில்லுகளும் இழுத்தால் போதுமா?

விளம்பரங்களில் இவ்வகை வாகனங்கள் மலையுச்சியிலும் மணற்குன்றிலும் நிற்கக் காண்கின்றோம். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை தார்வீதிக்கெனவே செய்யப்பட்டவை. சாதாரணக் காரை விட இவற்றின் அடிப்பாகம் நிலத்திலிருந்து சற்று உயர்ந்திருக்கும். பலவற்றில் இயந்திரத்தின் விசை நான்கு சில்லுகளுக்கும் பகிரப்படும். கடும் வழிக்கெனச் செய்யப்பட்ட வாகனங்களில் மட்டுமே, மிக மெதுவாக, ஆனால் பெருவிசையுடன் செல்ல உதவும் தாழ்கியர்த் தொகுதி இருக்கும். உங்கள் வாகனம் எவ்வகையினது என்பதை அதனுடன் தரப்பட்ட கைந்நூலிற் பார்த்து அறிந்துகொள்வதே முதற் கடமை.

இங்கே மாணவர்கள் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். நான்கு சில்லுகளும் இழுப்பது, வாகனம் புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. எந்தக் காராயினும் பிறேக் நான்கு சில்லுகளிலும் ஏற்கெனவே உள்ளது. வழுக்கும் பனியில் சாதாரணக் கார் புறப்படத் திணறும்போதே அதன் ஓட்டுநர் வீதியின் நிலையை அறிந்துகொள்வார். நான்கு சில்லும் இழுக்கும் வாகனமோ இலகுவாகப் புறப்பட்டு விரைவெடுத்துவிடும். நிறுத்த வேண்டிய வேளையில்தான் வீதியின் உண்மை தெரியவரும். அப்பொழுது காலம் கடந்திருக்கும்.

ஒரு கொப்பியின் அளவு நிலம்

வாகனம் நிலத்தைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. அந்த இடங்களின் பரப்பு எவ்வளவு என்பதை மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம்.

வாகனத்தின் நிறை 1,600 கிலோகிராம் என்று கொள்வோம். ஒவ்வொரு சில்லும் 400 கிலோகிராம் சுமக்கின்றது. ரயரினுள் இருக்கும் காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 33 இறாத்தல். அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.3 கிலோகிராம். 400ஐ 2.3ஆல் வகுத்தால் 174 வரும். ஆகவே ஒரு ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 174 சதுர சென்ரிமீற்றர். அது விரித்த கை ஒன்றின் அளவு. நான்கையும் கூட்டினால், திறந்து வைத்த ஓர் அப்பியாசக் கொப்பியின் இரு பக்கங்களின் அளவே வரும். குடும்பம் முழுவதையும் ஏற்றிச் செல்லும் வாகனம் அந்தக் கொப்பியின் மீதே ஓடுகின்றது, நிற்கின்றது, திரும்புகின்றது.

இனி அமுக்கத்தை 16 இறாத்தலாகக் குறைத்தால் என்ன ஆகும்? சுமை மாறவில்லை, அமுக்கம் பாதியாயிற்று, ஆகவே தொடும் பரப்பு இருமடங்காகும். ரயர் நீளவாக்கில் தட்டையாகி, பரந்த பாதம்போல் மணல்மீது படியும். அதனால் மணலிற் புதைவது குறையும். ரயரின் சுவர் விறைப்பானது என்பதால் கணக்கு முற்றிலும் துல்லியமாக அமையாது. எனினும் அடிப்படை இதுவே.

இயற்கை இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தது. ஒட்டகத்தின் பாதம் சுமை ஏறும்போது விரிகின்றது. வட கியூபெக்கில் வாழும் கரிபூ மானின் குளம்பும் பனியில் அகன்று பதிகின்றது. இந்நாட்டின் முதற்குடி மக்கள் வளைத்த மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிப் பனிப்பாதணி செய்தனர். வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுப் பக்கத்தையோ, தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரிகளையோ அறிந்த பெரியோர், ஒடுங்கிய இரும்புப் பட்டம் பூட்டிய வண்டில் மணலில் எவ்வாறு புதையும் என்று சொல்வார்கள். அம்மணல்மேடுகள் நிலத்துக்கும் கரைக்கும் இயற்கை அமைத்த காவல். அவை விளையாட்டாக வாகனம் ஓட்டத் தக்க இடங்கள் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் தகும்.

பனியில் பிறந்து மணலைக் கடந்த கருவி

மணலும் பனியும் ஒரே வினாவைத்தான் எழுப்புகின்றன என்பதற்கு வரலாறு மூன்று சான்றுகள் தருகின்றது.

அடொல்ஃப் கெக்றெஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸின் வாகனங்களைப் பராமரித்து வந்தார். பனியில் அரச கார்கள் ஓடுவதற்காக, பின்சில்லுகளுக்குப் பதிலாக நெகிழ்ந்து கொடுக்கும் நீண்ட பட்டிகளை அவர் பூட்டினார். புரட்சிக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பிய அவருடைய பட்டிமுறையை சித்ரோவென் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1922 டிசெம்பரில் அல்ஜீரியாவின் துகூர்த் நகரிலிருந்து புறப்பட்ட ஐந்து வாகனங்கள், 1923 ஜனவரியில் சகாராவைக் கடந்து திம்பக்தூ நகரை அடைந்தன. உருசியப் பனிக்காகப் பிறந்த கருவி உலகின் மிகப் பெரிய வெப்பப் பாலைவனத்தைத் தாண்டிற்று.

இரண்டாமவர் றால்ஃப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலேய படை அதிகாரி. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் அவரும் நண்பர்களும் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் அக்காலத்து மக்கள் வாங்கிய சாதாரண ஃபோர்ட் கார்களையே ஓட்டினர். அவர்கள் செய்த ஆயத்தங்கள் எளியவை. மென்மணலில் ரயரின் காற்றைக் குறைத்தனர். புதைந்த சில்லின் கீழே வைத்து ஏறுவதற்கு இரும்புத் தகடுகளைக் கொண்டுசென்றனர். கொதிக்கும் றேடியேற்றரிலிருந்து வெளியேறும் நீராவியைக் குழாய் வழியே ஒரு தகரத்துள் செலுத்திக் குளிரவைத்து மீண்டும் நீராக்கினர். ஒரு துளியும் வீணாகவில்லை. காரின் இரும்பு காந்தத் திசைகாட்டியைக் குழப்பும் என்பதால், நிழலைக்கொண்டு திசையறியும் சூரியத் திசைகாட்டியைப் பயன்படுத்தினர். மணல் எவ்வாறு நகர்கின்றது என்பதைப் பற்றி பாக்னோல்ட் எழுதி 1941இல் வெளிவந்த நூலை அறிவியலாளர் இன்றும் பயில்கின்றனர்.

மூன்றாமவர் நம் மாகாணத்தவர். 1907இல் பிறந்த யோசெப்-ஆர்மோன் பொம்பார்டியே, மொன்றியலுக்குக் கிழக்கே உள்ள வால்கூர் என்னும் ஊரில் வாகனத் திருத்தகம் நடத்தினார். அக்காலத்தில் கியூபெக்கின் நாட்டுப்புற வீதிகளில் பனியை அகற்றுவோர் இல்லை. மக்கள் கார்களைக் குளிர்காலம் முழுவதும் ஒதுக்கி வைத்தனர். 1934 ஜனவரியில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்றுள் ஏற்பட்ட அழற்சியால் துன்புற்றான். பனி மூடிய வழியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமையால் அக்குழந்தை இறந்தது. முன்னரே பனியூர்தி பற்றிய முயற்சிகளில் ஈடுபட்டிருந்த அத்தந்தை, அதன்பின் தளராது உழைத்து, பற்சில்லும் இறப்பர்ப் பட்டியும் இணைந்த அமைப்பொன்றை உருவாக்கி 1937இல் உரிமம் பெற்றார். எழுவரையும் பின்னர் பன்னிருவரையும் ஏற்றிய அவருடைய பனியூர்திகள் மருத்துவரையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. வால்கூரில் அவர் பெயரால் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத் தக்க இடம் அது.

மணல் வழிக்கு ஆயத்தம்

முதலாவது, வாகனத்தின் உரிமை. வாடகை வாகனமாயின் தார்வீதியை விட்டு இறங்க ஒப்பந்தம் இடந்தருகின்றதா என்று வாசித்தறிய வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் இடந்தரா. மீறினால் காப்புறுதியும் கைவிடும்.

இரண்டாவது, ரயர். வெடிப்போ வீக்கமோ இல்லாத ரயர்களும், முழு அளவான மாற்றுச் சில்லும், அதனை மாற்றும் கருவிகளும் இருத்தல் வேண்டும். இப்போது பல வாகனங்களில் சிறு மாற்றுச் சில்லே உள்ளது. சிலவற்றில் அதுவும் இல்லை. யக் எனப்படும் உயர்த்தும் கருவி மணலிற் புதையாதிருக்க அதன் கீழே வைக்கத் தடித்த பலகைத் துண்டொன்றும் வேண்டும்.

மூன்றாவது, காற்று. மென்மணலை அடைந்ததும் அமுக்கத்தை 15 முதல் 18 இறாத்தல் வரை குறைப்பது வழக்கம். அதற்கும் கீழே சென்றால், திரும்பும்போது ரயர் தன் வளையத்தை விட்டுக் கழன்றுவிடக்கூடும். அமுக்கமானியும், வாகன மின்சாரத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பும் இல்லாமல் காற்றைத் திறந்துவிடலாகாது. தார்வீதிக்குத் திரும்பியவுடன் மீண்டும் நிரப்பியே ஆகவேண்டும். காற்றுக் குறைந்த ரயர் விரைவாக ஓடினால் சூடேறி வெடிக்கும்.

நான்காவது, குளிராக்கும் தொகுதி. மென்மணலில் இயந்திரம் கடுமையாக உழைக்கும். வாகனமோ மெதுவாகவே செல்லும். ஆதலால் காற்றோட்டம் குறைந்து வெப்பம் ஏறும். குளிராக்கி நீர், குழாய்கள், விசிறி, காற்று வடிகட்டி ஆகியவற்றைப் புறப்படுமுன் பரிசோதித்தல் வேண்டும். சூடாக இருக்கும் றேடியேற்றரின் மூடியை எக்காரணங்கொண்டும் திறக்கலாகாது.

ஐந்தாவது, மீட்கும் கருவிகள். நீண்ட பிடியுள்ள சவள், சில்லின் கீழ் வைக்கும் இரு பலகைகள், உரிய வலிமையுள்ள இழுவைப் பட்டி ஆகியன வேண்டும். பட்டியை வாகனத்தில் அதற்கென அமைந்த கொளுவியில் மட்டுமே மாட்ட வேண்டும். இழுவை வண்டி பூட்டும் உருண்டையில் மாட்டி இழுத்தால், அது முறிந்து துப்பாக்கிக் குண்டுபோல் பறந்து ஆளைக் கொல்லும். இழுக்கும் வேளையில் பிள்ளைகள் மிகத் தொலைவில் நிற்க வேண்டும்.

ஓட்டும் முறையும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. மணலில் சீரான வேகம் வேண்டும். திடீரெனத் திருப்புதலும் பிறேக் அழுத்துதலும் கூடா. மணற்குன்றில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். பக்கவாட்டிற் சென்றால் வாகனம் கவிழும். சில்லு சுழன்றும் வாகனம் நகரவில்லையாயின் உடனே நிறுத்திவிட வேண்டும். மேலும் முடுக்கினால் சில்லு தனக்குத் தானே குழி தோண்டும். இறங்கி, சில்லுகளின் முன்னும் பின்னும் உள்ள மணலை அகற்றி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பது பெரும்பாலும் பயன்தரும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஒற்றை வாகனமாகப் பாலைவனத்துட் செல்லலாகாது. இரண்டு வாகனங்கள், வழியறிந்த ஒருவர், ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 முதல் 5 லீற்றர் நீர் என்பது கட்டாயம்.

பனி வழிக்கு ஆயத்தம்

மணலுக்கான பொருள்களிற் பல பனிக்கும் பொருந்தும். சவள், பலகை, இழுவைப் பட்டி மூன்றும் இரண்டிற்கும் பொது. ஆனால் ஒன்றில் இரண்டும் முற்றிலும் மாறுபடும். பனிக்காக ரயரின் காற்றைக் குறைக்கலாகாது. நகர வீதியில் பனியின் கீழே இறுகிய தளம் உள்ளது. ரயரின் வெட்டுகள் பனியை ஊடுருவிப் பற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் கதவின் உட்பக்கச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளில் எழுதிய அமுக்கமே சரியானது.

அவ்வமுக்கம் குளிரினால் தானாகவே குறையும் என்பதையும் அறிதல் வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 5.5 பாகை செல்சியஸ் வீழும்போது ஓர் இறாத்தல் குறையும். செப்ரெம்பரில் 20 பாகையில் நிரப்பிய ரயர், ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் ஏழு இறாத்தல் குறைந்திருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை அளந்து நிரப்ப வேண்டும்.

கியூபெக்கில் பதிவு செய்த பயணிகள் வாகனங்கள் குளிர்கால ரயர் அணிவது 2008ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் சட்டக் கட்டாயம். தொடக்கத்தில் டிசெம்பர் 15 முதல் மார்ச் 15 வரையாக இருந்த காலம், 2019 முதல் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என நீட்டப்பட்டது. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்த அடையாளம் ரயரின் பக்கத்தில் இருத்தல் வேண்டும். கோடை ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்குகின்றது. குளிர்கால ரயரின் இறப்பர் மென்மையாகவே இருந்து வீதியைப் பற்றுகின்றது. சட்டம் குறித்த நாள்வரை காத்திராமல், குளிர் தொடங்கியதுமே மாற்றுவது நன்று. வெட்டுகளின் ஆழம் 5 மில்லிமீற்றருக்குக் குறையும்போதே புதிய ரயரைப் பற்றி எண்ணத் தொடங்க வேண்டும்.

அடுத்தது பற்றரி. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை அளவில் அது தன் வலிமையிற் பாதியளவை இழக்கின்றது. அதே வேளையில் இயந்திர எண்ணெய் தடித்து, இயந்திரத்தைச் சுழற்றக் கூடிய வலிமை தேவைப்படுகின்றது. மொன்றியல் விமானநிலையத்தில் 1957 ஜனவரி 15ஆம் நாள் பூச்சியத்துக்குக் கீழே 37.8 பாகை பதிவாகியது. அத்தகைய குளிர் அரிதெனினும், நான்கைந்து ஆண்டு பழைய பற்றரியை இலையுதிர் காலத்திலேயே பரிசோதித்துக் கொள்வது நல்லது. குளிராக்கி நீரில் உறைதடுப்புத் திரவம் சரிபாதி கலந்திருந்தால் ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழே 37 பாகை வரை உறையாது. கண்ணாடி கழுவும் நீரும் குளிர்காலத்துக்கு உரியதாக இருத்தல் வேண்டும்.

வாகனத்தினுள் சவள், பனி சுரண்டி, மின்னேற்றக் கம்பி, கைவிளக்கு, கம்பளம், கையுறை, சிறு மணற்பை ஆகியன இருக்கட்டும். வழுக்கும் சில்லின் முன்னே தூவிய ஒரு பிடி மணல் பல வேளைகளில் வாகனத்தை விடுவித்துவிடும். பாலையில் நம்மைப் புதைக்கும் மணலே பனியில் நம்மை மீட்பது வியப்பன்றோ!

வடக்கே செல்லும் நெடும்பாதை

கியூபெக்கில் பாலைவனம் இல்லை. ஆயினும் பாலைக்குரிய தனிமை இங்கே உண்டு. மத்தகாமி நகரிலிருந்து றடிசன் வரை செல்லும் 620 கிலோமீற்றர் வீதி, ஜேம்ஸ் வளைகுடா நீர்மின் திட்டத்துக்காக 1970களில் அமைக்கப்பட்டது. 2020இல் அதற்குக் கிறீ மக்களின் பெருந்தலைவராக விளங்கிய பில்லி டயமண்டின் பெயர் சூட்டப்பட்டது. அந்நெடும்பாதையில் பெற்றோல் கிடைக்கும் இடம் 381ஆம் கிலோமீற்றரில் உள்ள ஒரு நிலையம் மட்டுமே. தொடக்கத்தில் உள்ள சாவடியில் பயணிகள் தம் விவரங்களைப் பதிவு செய்கின்றனர். 544ஆம் கிலோமீற்றரில் பிரியும் டிரான்ஸ்-தைகா வீதியோ சரளைக்கல் பாதை. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்கு ஊரே கிடையாது.

இத்தகைய வழிகளில் கைபேசி இயங்காத நீண்ட பகுதிகள் உண்டு. வழிகாட்டும் திரையை மட்டும் நம்பாது கடதாசி வரைபடமும் வைத்திருத்தல் வேண்டும். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்க விடலாகாது. எந்த வழியாகச் செல்கின்றோம், எந்நாளில் திரும்புவோம், திரும்பாவிடில் யாரை அழைப்பது என்பவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆயினும் பலர் செய்யாது விடுவதும் இதுவே.

வாகனம் நின்றுவிட்டால்

வாகனத்தை ஆயத்தம் செய்வது அது ஓடும் நேரத்துக்காக மட்டுமன்று. அது நின்றுவிடும் நேரத்துக்காகவே பெரிதும் ஆயத்தம் வேண்டும். இதுவே இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் கருத்து.

1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குழுவினர், பெரியோர் இருவரும் சிறுவர் இருவரும், கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் வாடகை வான் ஒன்றிற் சென்றனர். அது குடும்பத்தினர் கடைக்குச் செல்லும் வகையான வாகனம். அவ்வாண்டு ஒக்ரோபரில், மூன்று ரயர்கள் காற்றிழந்த நிலையில் அவ்வான் ஓர் ஒதுக்குப்புறப் பள்ளத்தில் காணப்பட்டது. அதன் பின்னரே அங்கே தேடுதல் தொடங்கிற்று. பெரியோர் இருவருடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் 2009இல், வானிலிருந்து பல கிலோமீற்றர் தொலைவிற் கிடைத்தன. வாகனத்தை விட்டு நடந்தவர்கள் மீளவில்லை. பாலையிலும் பனியிலும் ஆளைவிட வாகனமே எளிதிற் கண்ணிற் படும். அது நிழலும் தரும், காற்றையும் மறைக்கும். ஆகவே உதவி மிக அருகில் இருப்பது உறுதியாகத் தெரிந்தாலன்றி, வாகனத்தை விட்டு அகலலாகாது.

பாலைவனம் எங்கோ உள்ளது, நமக்கு அத்தகைய இடர் நேராது என்று எண்ண வேண்டா. 2017 மார்ச் 14ஆம் நாள் மாலை வீசிய பனிப்புயலில், மொன்றியலின் 13ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 வாகனங்கள் இரவு முழுவதும் சிக்குண்டன. வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் நகரின் விளக்குகளைப் பார்த்தபடியே விடியும்வரை வாகனத்துள் இருந்தனர். வாகனத்தில் கம்பளமும் நீரும் சிறிது உணவும் போதிய எரிபொருளும் வைத்திருப்பது வடக்கே செல்வோருக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று.

அத்தகைய வேளையில் குளிரைவிடக் கொடிய பகை ஒன்று உண்டு. பனி புகைக்குழாயை அடைத்துவிட்டால், காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வாகனத்தினுள் நிறையும். செய்திகளில் கார்பன் மொனொக்சைட் என்று கேட்பது இதனையே. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் உறக்கமும் வரும்; உறங்கியவர் எழார். 2016 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பசேய்க் நகரில், தந்தையொருவர் வாகனத்தைச் சுற்றியிருந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தார். குளிருக்காக இயந்திரத்தை இயக்கிய வாகனத்துள் மனைவியும் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தது. தாயும் குழந்தையும் அன்றே இறந்தனர். மூத்த பெண்குழந்தை சில நாள்களில் இறந்தாள். வீட்டு வாசலில், தந்தையின் கண்முன்னே இது நிகழ்ந்தது.

ஆகையால் பனியை அகற்றும்போது முதலில் அகற்ற வேண்டியது புகைக்குழாயைச் சூழ்ந்த பனியே. அது முடியும்வரை இயந்திரத்தை இயக்கலாகாது. பனியை அள்ளும் வேளையில் பிள்ளைகளை வாகனத்துள் அமர்த்தலாகாது. அவர்கள் வீட்டினுள்ளேயே இருக்கட்டும். வீதியிற் சிக்குண்டால் மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தை இயக்கி, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது திறந்து வைத்து, ஒவ்வொரு முறையும் இயக்குமுன் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு பணி

மாணவச் செல்வங்களே! வாகனம் ஓட்ட உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை. ஆயினும் ஆயத்தத்தில் உங்களுக்குப் பங்குண்டு. நவம்பர் மாதத்தின் முதல் வாரவிடுமுறையில் தந்தையையோ தாயையோ அழைத்துக்கொண்டு வாகனத்தருகே செல்லுங்கள். கதவின் உட்பக்கத் தாளில் உள்ள அமுக்கத்தை வாசியுங்கள். அமுக்கமானியால் நான்கு ரயர்களையும் அளந்து ஒரு கொப்பியிற் குறியுங்கள். மலையும் பனித்துகளும் கொண்ட அடையாளத்தைத் தேடுங்கள். பின்பெட்டியில் சவளும் கம்பளமும் கைவிளக்கும் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். அக்கொப்பியைத் தமிழிலேயே எழுதுங்கள். பனி பொழிந்த காலையில், “புகைக்குழாயைப் பார்த்தீர்களா அப்பா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். விலையுயர்ந்த வாகனம் வாங்குவது ஆயத்தம் ஆகாது. நல்ல ரயரும், அளந்த காற்றும், ஒரு சவளும், நீரும், கம்பளமும், நம் வழியை அறிந்த ஒருவரும் இருந்தால், சாதாரண வாகனமும் கடும் வழியிற் சென்று பத்திரமாகத் திரும்பும். மழை பொய்த்தால் முல்லை பாலையாகும் என்று அறிந்திருந்தவர்கள் நம் முன்னோர். நிலம் மாறும் என்பதை அறிந்து, மாறுமுன் ஆயத்தமாவதே அவ்வறிவின் பயன்.